மறுசுழற்சிக்கென்று சேகரித்த பிளாஸ்டிக்கில் ஐந்தில் இரண்டு பங்கு எங்கே போகிறது?

2019-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 35.3 கோடி டன் பிளாஸ்டிக் கழிவு சேர்ந்தது என்று வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2022-இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. அதில் மறுசுழற்சிக்கென்று தனியே சேகரிக்கப்பட்டது 15 சதவீதம். மறுசுழற்சியாகி மீண்டும் மூலப்பொருளானது 9 சதவீதம். இந்த 9 சதவீதத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்த 15-க்கும் 9-க்கும் நடுவில் காணாமல் போன 6 சதவீதத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

அந்த 6 சதவீதம் என்பது இரண்டு கோடி டன்னுக்கும் மேல். யாரோ வீட்டில் அலசி, தனித் தொட்டியில் போட்டு, யாரோ அள்ளி, லாரியில் ஏற்றி, தொழிற்சாலைவரை கொண்டுபோய்ச் சேர்த்த பிளாஸ்டிக் அது. அங்கிருந்து அது எரியுலைக்கோ குப்பைமேட்டுக்கோ போய்விடுகிறது. மறுசுழற்சிக்கென்று சேகரிக்கப்படாமல் போன 85 சதவீதம் பெரிய பிரச்சினை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மக்கள் தங்கள் பங்கைச் சரியாகச் செய்த பிறகும் வீணாகிறதே, அது என்னை அதிகம் உறுத்துகிறது. எங்கே, எதனால் வீணாகிறது என்று தெரிந்துகொண்டால் வீட்டில் எதற்கு மெனக்கெட வேண்டும், எதற்கு வேண்டாம், எதற்கு உற்பத்தியாளரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

முதலில், பிளாஸ்டிக் என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும் வீட்டுக் குப்பையில் வருபவை வெவ்வேறு வேதிப்பொருட்கள். தண்ணீர் பாட்டில் பெட். ஷாம்பு, சலவைத் திரவ பாட்டில்கள் பெரும்பாலும் எச்.டி.பி.இ. எனப்படும் அடர் பாலிஎத்திலீன். மெல்லிய பைகளும் சுருக்கு உறைகளும் பெரும்பாலும் எல்.டி.பி.இ. எனப்படும் அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன். தயிர்க் கிண்ணம், உணவு டப்பா, பல மூடிகள் பாலிப்ரோப்பிலீன். நுரைத்தட்டு பாலிஸ்டைரீன். இவற்றை ஒன்றாக உருக்கினால் ஒன்றாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் வேதியியலில் நெருங்கிய உறவினர்கள். ஆனாலும் உருகிய நிலையில் எண்ணெயும் தண்ணீரும் போலத் தனித்தனியே திரண்டு நிற்கும். ஆறியதும் அந்த எல்லைக்கோடுகளில்தான் பொருள் விரிசல் விடும்.

பெட்டும் பி.வி.சி.யும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பெட் உருகுவதற்கு 250 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை பி.வி.சி. தாங்காது, சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளியிடும். அந்த அமிலம் பெட்டின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டும், நிறத்தை மஞ்சளாக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். மிகச் சிறிதளவு பி.வி.சி. போதும், ஒரு பெரிய தொகுதி பெட் தரமிழந்துவிடும். ஆகவே மறுசுழற்சியின் முழுத் திறமையும் பிரிப்பதில்தான் இருக்கிறது. உருக்குவது அதற்குப் பிறகு வரும் எளிய வேலை.

பாட்டிலின் அடியில் மூன்று அம்புகள் சூழ ஒன்று முதல் ஏழு வரை ஓர் எண் இருக்குமே, அது இந்தப் பிரிப்புக்காக வந்ததுதான். அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் 1988-இல் அதை அறிமுகப்படுத்தியது. என்ன வகைப் பிளாஸ்டிக் என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. மறுசுழற்சி செய்ய முடியுமா, உங்கள் பகுதியில் அதற்கு ஆலை இருக்கிறதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எல்லா வகைகளும் போக மிச்சமுள்ள அனைத்தும் ஏழாம் எண்ணுக்குள் அடங்கும். அதை மட்டும் வைத்து யாராலும் எதையும் பிரிக்க முடியாது. ஆனால் சுழலும் அம்புகளைப் பார்த்தவர்கள் அதை மறுசுழற்சி உறுதிமொழியாகவே எடுத்துக்கொண்டார்கள். குழப்பத்தைக் குறைக்க 2013-இல் தரநிலை அமைப்பு அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றியது. பழைய அச்சுகளை உடனே மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லாததால் அம்புகள் இன்றும் தொடர்கின்றன. நடைமுறையில் மறுசுழற்சியாகாத பொருட்களில் அந்தக் குறியைப் போடுவதைக் கட்டுப்படுத்தி கலிஃபோர்னியா 2021-இல் சட்டம் இயற்றியது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

ஜெர்மனியில் 1991-ஆம் ஆண்டின் பேக்கேஜிங் விதிகளோடு வந்த பச்சைப் புள்ளிக் குறியின் கதையும் இதேதான். இந்த உறையைச் சேகரித்துக் கையாள்வதற்கான கட்டணத்தை உற்பத்தியாளர் செலுத்திவிட்டார் என்பதுதான் அதன் பொருள். வாங்குபவர் புரிந்துகொள்வதோ வேறொன்று.

ஆலைக்குள் நடப்பது

பிரிப்பு ஆலைக்கு வரும் கலவை முதலில் பை கிழிக்கும் இயந்திரத்தில் விழுகிறது. பிறகு துளைகள் போட்ட ஒரு பெரிய உருளைச் சல்லடை சுழல்கிறது. சிறிய துண்டுகள் துளை வழியே கீழே விழுந்துவிடும். அவற்றில் பெரும்பகுதி அங்கேயே கழிவாகிவிடுகிறது. தனியாகக் கழன்ற மூடி, கிழிந்த உறை முனை, சிறு சாஷே போன்றவற்றை எந்த இயந்திரமும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது. எந்தப் பிளாஸ்டிக்கில் செய்தது என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. அளவு சிறியதென்றால் கதை முடிந்தது.

அடுத்து, அதிரும் சாய்தளம் ஒன்று தட்டையானவற்றையும் உருண்டையானவற்றையும் பிரிக்கிறது. பை, உறை, தாள் எல்லாம் மேல்நோக்கி நகரும். பாட்டிலும் டப்பாவும் உருண்டு கீழே வரும். காந்தம் இரும்பை எடுக்கும். சுழல் மின்னோட்டக் கருவி அலுமினியத்தைத் துள்ளவைத்துத் தனியே தள்ளும்.

மிச்சமிருப்பவை விநாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் ஓடும் பட்டையில் பரவி, அகச்சிவப்பு உணரிகளுக்குக் கீழே செல்கின்றன. ஒவ்வொரு வகைப் பிளாஸ்டிக்கும் அருகமை அகச்சிவப்பு ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் உறிஞ்சி மீதியைத் திருப்பி அனுப்பும். கணினி அந்த அடையாளத்தைப் படித்து, பட்டை முடியும் இடத்தில் காற்றுக் குழலைத் திறக்கும். பொருள் துள்ளித் தன் அறைக்குள் விழும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடந்து முடிகிற இந்த வேலை நிஜமாகவே வியப்பூட்டும் பொறியியல்.

ஆனால் இந்தக் கருவிக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. பெட் பாட்டிலை வேறு பிளாஸ்டிக்கால் ஆன சுருக்கு லேபிள் முழுவதுமாக மூடியிருந்தால் கருவி லேபிளைப் பார்த்துத் தவறாக முடிவெடுக்கும். கார்பன் கறுப்பு நிறமி ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சிவிடுவதால் கறுப்புத் தட்டிலிருந்து எந்தச் செய்தியும் திரும்பி வருவதில்லை. கருவியின் பார்வையில் அங்கே பொருளே இல்லை, ஓடும் பட்டைதான் இருக்கிறது. எத்தனையோ உணவுத்தட்டுகள், மறுசுழற்சிக்கு ஏற்ற பிளாஸ்டிக்கில் செய்தவை, கறுப்பாக இருந்த ஒரே காரணத்துக்காக எரிந்துபோயின. உணவு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நிறம். ஒளியை விழுங்காத வேறு கறுப்பு நிறமிகள் இப்போது கிடைக்கின்றன. சில நிறுவனங்கள் மாறிவிட்டன, பல இன்னும் மாறவில்லை.

ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய டப்பாக்களையும் கருவி ஒரே பொருளாகத்தான் படிக்கும். இறுக முடிச்சுப் போட்ட பைக்குள் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. மெல்லிய உறைகள் சுழலும் தண்டுகளில் சுற்றிக்கொண்டு ஆலையையே நிறுத்திவிடும். அதை வெட்டி எடுக்க ஆட்கள் இயந்திரத்துக்குள் இறங்க வேண்டியிருக்கும். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வரும் லித்தியம் மின்கலம். நசுங்கினால் தீப்பற்றும். காய்ந்த பிளாஸ்டிக் குவியலில் விழும் ஒரு பொறி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பிரிப்பு ஆலைத் தீவிபத்துகளுக்கு இந்த மின்கலங்கள் முக்கியக் காரணமாகிவிட்டன. மின்கலம் உள்ள எதையும் இந்தத் தொட்டியில் போடாமலிருப்பது, நாம் அந்தத் தொழிலாளர்களின் உயிருக்குச் செய்யும் காவல்.

உலகின் பல பகுதிகளில் இந்தக் கருவிகள் எதுவும் கிடையாது. மனிதக் கைகள்தான் பிரிக்கின்றன. பழகிய கை, தொட்டதும் பெட் எது பி.வி.சி. எது என்று சொல்லிவிடும். கசக்கிப் பார்க்கும் ஓசையிலேயே வகையைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. இயந்திரம் தவறவிடும் பலவற்றை இவர்கள் மீட்கிறார்கள். ஆனால் விலை போகும் பொருளை மட்டும்தான் அவர்களால் எடுக்க முடியும், அது அவர்களின் வயிற்றுப்பாடு. எனவே பாட்டில் போய்விடும், உறையும் சாஷேவும் கிடக்கும்.

தண்ணீர்த் தொட்டியில் இரண்டாவது பிரிப்பு

வகை பிரிந்த பிளாஸ்டிக் பொதிகளாகக் கட்டப்பட்டு மறுசுழற்சி ஆலைக்குப் போகிறது. அங்கே அதைச் சிறு செதில்களாக வெட்டிக் கழுவுவார்கள். பிறகு வருவது மிக எளிய உத்தி: தண்ணீர்த் தொட்டி. பெட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.38 கிராம், எனவே மூழ்கும். பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். பெட் பாட்டிலின் மூடியைக் கழற்றிப் போட வேண்டுமா என்று பலரும் கேட்கும் கேள்விக்கு விடை இந்தத் தொட்டியில் இருக்கிறது. மூடி பெரும்பாலும் பாலிஎத்திலீனோ பாலிப்ரோப்பிலீனோதான். பாட்டிலோடு வந்தால் தொட்டியில் தானாகப் பிரிந்து மிதக்கும், அதையும் மறுசுழற்சி செய்யலாம். தனியாக வந்தால் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பானப் பாட்டில் மூடிகள் பாட்டிலோடு இணைந்தே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. மூடிகள் கரையோரக் குப்பையாவதைத் தடுப்பதுதான் அதன் முதல் நோக்கம் என்றாலும் மறுசுழற்சிக்கும் அது உதவுகிறது. உங்கள் பகுதியில் மூடியைத் தனியாகத் தரச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். அங்கே வேறு ஏற்பாடு இருக்கும்.

பி.வி.சி.யின் அடர்த்தி பெட்டின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால் இந்தத் தொட்டியில் அது பிரியாது. சோளம் போன்ற தாவரங்களின் மாவுச்சத்திலிருந்து தயாராகும் பி.எல்.ஏ. வகையும் மூழ்கும். பார்வைக்கு பெட் போலவே பளபளக்கும் பி.எல்.ஏ. மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகி பெட் செதில்களோடு ஒட்டிக்கொள்ளும். ‘மக்கக்கூடியது’ என்று எழுதியிருக்கும் கோப்பையை நல்லெண்ணத்தோடு பிளாஸ்டிக் தொட்டியில் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தைத் தொடர்ந்து தரும் தொழில்முறை உரக்கூடத்தில் மட்டுமே ஒழுங்காக மக்கும். மறுசுழற்சிக்கு அது இடைஞ்சல்; தோட்டத்து மண்ணில் எளிதில் மக்காது.

கழுவிய செதில்களை உருக்கி, நுண்ணிய வடிகட்டி வழியே அழுத்திக் குருணைகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு முறை உருகும்போதும் மூலக்கூறுச் சங்கிலிகள் கொஞ்சம் உடைகின்றன. பெட்டுக்கு இதில் ஒரு நல்லூழ்: வெற்றிடத்தில் நீண்ட நேரம் சூடாக்கினால் சங்கிலிகள் மறுபடி நீள்கின்றன, உள்ளே ஊறிய அசுத்தங்களும் ஆவியாகி வெளியேறுகின்றன. பழைய பாட்டில் புதிய பானப் பாட்டிலாக முடிவது இதனால்தான். பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் வாசனையையும் எண்ணெயையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்பவை. அவை மறுபிறவியில் பெரும்பாலும் குழாய், தொட்டி, பூந்தொட்டி, குப்பைப் பை என்றுதான் ஆகின்றன.

வரைபலகையில் முடிவாகும் விதி

இத்தனை தூரம் வந்த பிறகும் பிரிக்க முடியாத ஒரு வகை உண்டு: பல அடுக்கு உறை. நொறுக்குத்தீனிப் பை, காபித்தூள் பை, சாஷே, பற்பசைக் குழாய் போன்றவை. வெளியே அச்சேற ஓர் அடுக்கு, நடுவில் காற்றையும் ஒளியையும் தடுக்க அலுமினியமோ வேறு பிளாஸ்டிக்கோ, உள்ளே சூட்டில் ஒட்டும் பாலிஎத்திலீன். பைகளில் எல்லாம் சேர்ந்தும் முடி அளவு தடிமன்தான். உணவைப் பல மாதம் கெடாமல் காப்பதில் இது அபாரமான கண்டுபிடிப்பு. உணவு வீணாவதைத் தடுக்கிறது என்ற வாதத்தையும் நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் அடுக்குகளைப் பிரிக்கப் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்த வழி இன்றுவரை இல்லை. நீங்கள் எவ்வளவு சுத்தமாகக் கழுவிக் கொடுத்தாலும் அதன் முடிவு பெரும்பாலும் எரியுலையோ சிமென்ட் சூளையோ குப்பைமேடோதான்.

பல அடுக்குகளின் வேலையை ஒரே வகைப் பிளாஸ்டிக்கின் வெவ்வேறு வடிவங்களால் செய்ய முடியும் என்று இப்போது பல உறைகள் நிரூபித்து வருகின்றன. பல் துலக்கும் பசைக்கு எச்.டி.பி.இ.யால் மட்டுமே ஆன குழாய் வந்துவிட்டது. பொறியியல் சாத்தியமானது, மாற்றிக்கொள்ள விருப்பமும் கட்டாயமும்தான் குறைவு.

விருப்பமோ கட்டாயமோ இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானும் கொரியாவும் நல்ல சாட்சி. ஜப்பானில் பானத் தொழில்துறை தானாகவே வகுத்துக்கொண்ட விதிகளின்படி, 2001 முதல் உள்நாட்டில் தயாராகும் பெட் பாட்டில்களுக்கு நிறம் சேர்ப்பதில்லை. மக்களும் லேபிளையும் மூடியையும் கழற்றி, அலசிக் கொடுக்கிறார்கள். தென்கொரியா 2019 டிசம்பரில் நிறமுள்ள பெட் பானப் பாட்டில்களையும் பி.வி.சி. பேக்கேஜிங்கையும் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. நிறமற்ற பெட்டிலிருந்து எதையும் செய்யலாம். பச்சை, பழுப்பு, நீலம் கலந்து உருகினால் சாம்பல் நிறக் கலவைதான் கிடைக்கும், அதற்கு மதிப்புக் குறைவு. ஒரு நிறத்தைக் கைவிடுவது எவ்வளவு சின்ன விஷயம்! ஆலையில் கோடிக்கணக்கில் முதலீடு செய்து நிறம் பிரிக்கும் கருவி வைப்பதைவிட, பாட்டிலை நிறமில்லாமல் வார்ப்பது எத்தனை எளிது!

இன்னொரு வழி, பிரிக்க வேண்டிய தேவையையே இல்லாமல் ஆக்குவது. பாட்டிலுக்கு முன்பணம் வாங்கி, திருப்பித் தந்தால் கொடுத்துவிடும் திட்டங்கள் நார்வே, ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளில் நடக்கின்றன. ஜெர்மனியில் 2003-இல் தொடங்கிய ஒருமுறைப் பயன்பாட்டு பாட்டில்களுக்கான முன்பணம் 25 சென்ட். பாட்டில்கள் மற்ற குப்பையோடு கலக்கவே கலக்காமல் ஒரே வகையாக வந்து சேர்கின்றன. இவ்விரு நாடுகளிலும் திரும்பி வருபவை 90 சதவீதத்தைத் தாண்டுகின்றன. உணவுத் தரத்துக்கு மீளும் பெட்டின் நல்ல மூலம் இதுதான். வேறெந்த ஏற்பாட்டிலும் இந்த அளவு தூய்மை கிடைப்பதில்லை.

அப்படியானால் வீட்டில் செய்வதற்கு என்ன மிச்சம்? என் கணிப்பில் முதலிடம் ஒன்றுக்குத்தான்: ஈரத்தையும் உலர்ந்ததையும் தொடக்கத்திலேயே பிரித்து வைப்பது. உணவுக் கழிவோடு ஒரு நாள் கிடந்த உறையைப் பிற்பாடு எந்த ஆலையாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கொழுப்பும் நாற்றமும் ஊறிவிடும், உணரிகளும் ஏமாறும், கழுவும் செலவு பொருளின் விலையைத் தாண்டும். அடுத்து, உள்ளே இருப்பதைக் காலி செய்வது. சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்க்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவி மிஞ்சிய தண்ணீரில் ஒரு அலசல் போதும். வேறு வேறு பொருள்கள் தானே பிரியுமாறு இருந்தால் பிரித்துப் போடலாம்: கிண்ணத்தின் அலுமினிய மூடியை முழுவதும் கிழித்தெடுப்பது, அட்டை உறையை உருவுவது, பாட்டிலை மூடும் முழு லேபிளைக் கழற்றுவது. சந்தேகமானதை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மறுசுழற்சித் தொட்டியில் போடும் பழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான், ஆனால் தீங்கே செய்கிறது. தவறான ஒரு பொருள் சரியான பல பொருட்களைக் கெடுக்கும்.

எந்தத் தொட்டியில் எது என்பது பகுதிக்குப் பகுதி மாறும். காரணம், அந்தத் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் ஆலையும் அதன் வாடிக்கையாளரும் மாறுகிறார்கள். வாங்க ஆளில்லாத பொருள் எவ்வளவு நன்றாகப் பிரிந்தாலும் கழிவுதான். பல ஆண்டுகள் அந்த வாங்குபவர் சீனா. 2018 தொடங்கியபோது வீட்டுப் பிளாஸ்டிக் கழிவை இனி வாங்குவதில்லை என்று சீனா கதவை மூடியதும், பல பணக்கார நாடுகள் மறுசுழற்சி என்று கணக்கெழுதி வந்ததில் எவ்வளவு வெறும் ஏற்றுமதி என்பது வெளிச்சத்துக்கு வந்தது. கப்பல்கள் தென்கிழக்கு ஆசியாவை நோக்கித் திரும்பின. அபாயகரமான கழிவுகளை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பேசல் ஒப்பந்தத்தில் 2019-இல் செய்த திருத்தம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கலந்த, அழுக்கான பிளாஸ்டிக்கை அனுப்ப வேண்டுமானால் பெறும் நாட்டின் முன்சம்மதம் வேண்டும் என்றானது.

விலையும் ஒரு சுவர். புதிய பிளாஸ்டிக்கின் விலை கச்சா எண்ணெயோடும் எரிவாயுவோடும் சேர்ந்து ஏறி இறங்கும். அது சரியும்போதெல்லாம், சேகரிப்பு, பிரிப்பு, கழுவல் என்று நிலையான செலவுகளைச் சுமக்கும் மறுசுழற்சிக் குருணை போட்டியிட முடியாமல் தேங்கும். இந்தத் தொழிலை அரசு விதியில்லாமல் சந்தை மட்டுமே காப்பாற்றிவிடும் என்று நம்ப எனக்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை. பெட் பானப் பாட்டில்களில் 2025 முதல் குறைந்தது 25 சதவீதம், எல்லாப் பிளாஸ்டிக் பானப் பாட்டில்களிலும் 2030 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகுத்தது இதனால்தான். வாங்குபவரைச் சட்டமே உருவாக்கித் தருகிறது.

கணக்கிடும் முறையையும் அங்கே மாற்றியிருக்கிறார்கள். முன்பு, சேகரித்துப் பிரித்து அனுப்பியதையே மறுசுழற்சி என்று எழுத முடிந்தது. புதிய விதிப்படி, பிரிப்பில் கழித்ததெல்லாம் போக, மறுசுழற்சிச் செயல்முறைக்குள் நுழையும் எடையைத்தான் கணக்கில் சேர்க்கலாம். 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பேக்கேஜிங் ஒழுங்குமுறை ஒரு படி மேலே போகிறது. 2030-க்குள் எல்லா உறைகளும் மறுசுழற்சிக்கு ஏற்ற வடிவமைப்பு கொண்டிருக்க வேண்டும். 2035 முதல் அவை உண்மையாகவே பெரிய அளவில் சேகரிக்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, மறுசுழற்சியாகின்றன என்றும் காட்ட வேண்டும். அந்த இரண்டாவது நிபந்தனைதான் கறுப்புத் தட்டையும் பல அடுக்குச் சாஷேவையும் வரைபலகைக்கே திருப்பி அனுப்பும் வலிமை கொண்டது. விதிவிலக்குகள் எத்தனை நுழையும் என்பதை அடுத்த சில ஆண்டுகளின் துணை விதிகள் தீர்மானிக்கும்.